அப்பாயி சொன்ன கணக்கு

சென்ற வருஷம் பள்ளிக்கூடம் திறந்த புதிதில், ஒரத்தநாட்டில் நம்மிடம் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். "அவரவர் குடும்பத்தின் சரித்திரத்தைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள். ஏழு தலைமுறைப் பெயர்களாவது வேண்டும்" என்றோம். மிக நல்ல காரியத்தைத் தொடங்கிவிட்டதாக அன்று நமக்குப் பெருமைதான்.

மறுவாரம் நோட்டுப் புத்தகங்கள் வந்தன. ஒரு பையன் வீட்டில் பழைய பத்திரங்கள் இருந்தன. எட்டுத் தலைமுறையையும் முத்து முத்தாக எழுதியிருந்தான். கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண்ணின் நோட்டிலோ மூன்றே பெயர்கள். "எங்க அப்பாயிக்கு அவங்க அப்பா பேருக்கு மேலே தெரியாதாம், சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

குற்றம் நம்முடையது. நிலம் இருந்த வீட்டில் பத்திரம் இருக்கும். பத்திரத்தில் பாட்டன் பெயர் இருக்கும். நிலம் இல்லாத வீட்டில் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்? ஏழு தலைமுறை கேட்டதனால் அந்தக் குழந்தையை ஏழை என்று வகுப்பின் நடுவே நிறுத்திவிட்டோம். இருபது வருஷம் உபாத்தியாயராக இருந்தும் இது முன்னதாகத் தோன்றவில்லை.

சரித்திரம் எழுதுவதென்றால் நமக்கு மன்னர் வம்சாவளிதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்கு நம் ஜில்லாவிலேயே பெரிய உதாரணம் உண்டு. இரண்டாம் சரபோஜி மன்னர் 1798-இல் பட்டத்துக்கு வந்தார். மறு வருஷமே ராஜ்யத்தின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போய்விட்டது. அதன்பின் 1803-இல் போன்ஸ்லே வம்சத்தின் சரித்திரம் முழுவதையும் மராத்தியில் தஞ்சைப் பெரிய கோயில் மதிலில் பொறிக்கச் செய்தார். ஆள நாடில்லாதபோதுதான் குலத்தின் கதையை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் மேலிடுகிறது போலும்! அதே மன்னர் தமக்குப் பிரியமான முத்தம்பாள் என்ற அம்மையாரின் பெயரால் நம் ஊரில் ஒரு சத்திரம் கட்டினார். அவள் பெயரால் முத்தம்பாள்புரம் என்றே ஊர் வழங்கியதுண்டு. மன்னர் குலத்துக்குக் கோயில் மதில். அவளுக்கு வழிப்போக்கர் சோறு உண்ட சத்திரம். இரண்டும் சரித்திரமே என்று வகுப்பில் சொன்னோம்.

இன்னோர் உதாரணமும் சொன்னோம். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1940-இல் 'ஆனந்த விகட'னில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது, தம் படிப்பையும் பட்டங்களையும் முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் என்ற தம் ஊரில் ஆரம்பித்தார். ஏகாதசியன்று மறந்து தாம்பூலம் தரித்துவிட்ட தஞ்சை அரசர் ஒருவர், அதற்குப் பரிகாரமாக அந்த ஊரை ஏற்படுத்தித் தானம் கொடுத்தார் என்று பெரியோர் சொல்லக் கேட்ட கதையை எழுதினார். சுவடியும் பாடபேதமும் பார்த்தே பழகிய அந்தப் பெரியவர், கேள்விப்பட்ட கதையைத் தள்ளிவிடவில்லை. 1942-இல் அவர் காலமானபோது நூல் முடியாமலே நின்றது.

ஆகையால் வேலையை மாற்றினோம். ஏழு தலைமுறை வேண்டாம். வீட்டில் மூத்தவர் ஒருவருடைய வாழ்வில் ஒரே ஒரு வருஷத்தைக் கேட்டு எழுதினால் போதும்.

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பாட்டிமார் விழிப்பார்கள். ஆனால் அவர்களிடம் வேறொரு பஞ்சாங்கம் இருக்கிறது. 1934-இல் மேட்டூர் அணை திறந்தார்கள். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து, வானம் பார்த்துக் கிடந்த நம் பக்கத்து வயல்கள் நனைந்தன. அந்தக் கால்வாய்க்கு இன்றும் ஜனங்கள் இட்ட பெயர் புது ஆறுதான். 1952 நவம்பர் கடைசியில் பெரும் புயல். 2018 நவம்பரில் கஜா. அதைப் பிள்ளைகளே கண்ணால் கண்டவர்கள், தென்னைகள் விழுந்த சப்தம் இன்னும் அவர்கள் காதில் இருக்கிறது. "புயலுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டால் எந்தப் பாட்டியும் பதில் சொல்லிவிடுவாள்.

கேட்கும் விதமும் பழக வேண்டியிருந்தது. "உங்கள் சரித்திரத்தைச் சொல்லுங்கள்" என்று எதிரில் உட்கார்ந்தவனிடம் ஒரு தாத்தா, "நமக்கு என்னடா சரித்திரம்?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டிய பெண்ணிடம் அவள் அம்மாயி கலியாண வீட்டில் பேசுவதுபோல் பேசினாளாம். கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஆய்ந்தவளுக்குத்தான் கதை கிடைத்தது. பாட்டி சும்மா இருந்தால் நீயும் சும்மா இரு. அவசரப்பட்டு அடுத்த கேள்வி போடாதே என்று சொல்லியிருந்தோம். இது பிள்ளைகளைக் காட்டிலும் நம்மைப் போன்ற வாத்தியார்களுக்குத்தான் கடினம்.

அந்தக் கடைசி வரிசைப் பெண் இம்முறை பதினோரு பக்கம் எழுதினாள். அவள் அப்பாயிக்கு எண்பத்தைந்து வயது இருக்கும். எழுத்து வாசனை கிடையாது. கணக்கு மட்டும் தலைகீழ்ப் பாடம். எந்தப் பட்டத்தில் எத்தனை மா நட்டாள், எத்தனை பெண்கள் வரிசையில் நின்றார்கள், கூலி நெல் எத்தனை மரக்கால், எல்லாம் சொன்னாள். இருபது மா ஒரு வேலி என்பதை அந்தப் பெண் நம்மிடம் கற்கவில்லை, அப்பாயியிடம் கற்றாள். அப்பாயியின் தாயார் புது ஆறு வெட்டியபோது மண் சுமந்தவள். தகப்பனார் பண்ணையாள். கூலி அளக்கும் மரக்கால் வேறு, குத்தகை நெல் வாங்கும் மரக்கால் வேறு என்று அவர் சொல்லுவாராம். புயலடித்த 1952-இல்தான் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது விலக்கக் கூடாது, சாகுபடி செய்யும் குத்தகைக்காரனுக்கு மகசூலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றெல்லாம் அதில் விதித்திருந்தது. அப்பாயிக்குச் சட்டம் தெரியாது. "அந்த வருஷந்தான் எங்கப்பா இடுப்புத் துண்டைத் தோளில் போட்டாரு" என்றாளாம்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோபம் இல்லை, சங்கடம். "சார், பண்ணையாள்னு எதுக்கு எழுதணும்? எங்க கஷ்டம் எங்களோட போகட்டும். பொண்ணு படிச்சு முன்னேறட்டும்" என்றார். பதில் சொல்ல நமக்கு உடனே வாய் வரவில்லை. மறைக்கும்படி சொல்வதும் சரியில்லை. அவர் மானத்தை நம் பாடத்திட்டத்துக்குப் பலியிடுவதும் சரியில்லை. "கதை அப்பாயியுடையது, அவர்களையே கேளுங்கள். வேண்டாமென்றால் நோட்டை உங்களிடமே தந்துவிடுகிறோம்" என்றோம்.

மறுநாள் பெண் நோட்டுடன் வந்தாள். அப்பாயிக்குப் பதினோரு பக்கத்தையும் படித்துக் காட்டினாளாம். "நட்டது நான்தானே? எழுது" என்றாளாம் கிழவி. ஒரே ஒரு நிபந்தனை: பண்ணை வீட்டின் பெயரை அடித்துவிட வேண்டும். "அந்த வீட்டுப் புள்ளையும் உன்னோடதானே படிக்குது. அது என்ன பண்ணுச்சு?" என்றாளாம்.

பெயர் இருந்த இடத்தில் புள்ளிகள் வைத்து வகுப்பில் படித்தாள். எட்டுத் தலைமுறை எழுதிய பையன் முன் வரிசையில் இருந்தான். அவன் நோட்டிலும் 1952 புயல் உண்டு: விழுந்த தென்னைகள், செத்த மாடுகள், சரிந்த வைக்கோற்போர் என்று கணக்காக எழுதியிருந்தான். ஆட்களைப் பற்றி "பண்ணையாட்கள் பலர்" என்று இரண்டு சொற்கள்.

மணி அடித்தபின் அவன் நம்மிடம் வந்து, "சார், அந்தப் பலரோட பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான். தாத்தாவைக் கேட்கச் சொன்னோம். தாத்தாவுக்கு மூன்று பெயர்கள் ஞாபகம் வந்தனவாம். மீதிக்கு அந்தப் பெண்ணின் அப்பாயியைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறான். அவளைக் கேட்டுக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறோம். இன்னும் போகவில்லை.