இலவச டியூஷன் நடத்துறோம், சரி. பிள்ளைங்க பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?



ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்ததும் விழுப்புரம், திண்டிவனம் நகரங்கள்லயும் சுத்தியிருக்கிற ஒன்றியங்கள்லயும் நம்ம தோழர்கள் சாயங்கால இலவச டியூஷனை மறுபடி ஆரம்பிக்கப் போறாங்க. சொந்தக் காசுல போர்டு வாங்கினவங்க, வீட்டு மாடியை வாடகை இல்லாம கொடுத்தவங்க, வேலை முடிஞ்சு பஸ் பிடிச்சு வந்து கணக்கு சொல்லிக்கொடுக்கிறவங்க எல்லாருக்கும் நன்றி. ஆனா இது பாராட்டுப் பதிவு இல்ல. சென்டரைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை வெளிப்படையா பேசியாகணும்.

நம்ம மாவட்டத்துலயே நடந்ததை மறந்துட வேண்டாம். விக்கிரவாண்டி பக்கம் குண்டலப்புலியூர், அன்பு ஜோதி ஆசிரமம், 2023 பிப்ரவரி. ஆதரவற்றோர், மனநலம் பாதிக்கப்பட்டோர்னு 140 பேருக்கு மேல அங்கிருந்து மீட்கப்பட்டாங்க. உள்ள இருந்த பெண்கள் பாலியல் வன்கொடுமைப் புகார் சொன்னாங்க. அங்க சேர்க்கப்பட்ட சிலர் எங்கன்னே தெரியல. வழக்கு சிபிசிஐடிக்குப் போச்சு. முறையான அனுமதி இல்லாமலே பல வருஷமா அந்த இடம் நடந்திருக்கு. இத்தனையும் வெளிய வந்தது எந்த அதிகாரியோட திடீர் ஆய்வுலயும் இல்ல. காணாம போன ஒரு பெரியவருக்காக உயர் நீதிமன்றத்துல போட்ட ஆட்கொணர்வு மனுவாலதான். அங்க இருந்தவங்க பெரும்பாலும் வயசுல பெரியவங்க. ஆனா தனக்காகத் தானே பேச முடியாத நிலைமை அவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் ஒண்ணுதான். 'சேவை'ன்னு பேர் இருந்ததால ஊர் கேள்வி கேக்கல.

அடுத்த வருஷம், 2024 ஆகஸ்ட். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில என்சிசி முகாம்னு ஒண்ணு நடந்துச்சு. அந்தப் பள்ளிக்கு என்சிசி பிரிவே கிடையாதுன்னு என்சிசி தரப்பு பிறகு சொல்லுச்சு. ராத்திரி பள்ளியிலயே தங்கின மாணவிகள்ல ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதா புகார். முகாம் நடத்தினவர்கிட்ட 'நீ யாரு, உன் அடையாள அட்டை எங்க'ன்னு யாராவது ஒருத்தர் முன்னாடியே கேட்டிருந்தா அந்த முகாமே நடந்திருக்காது. விஷயம் தெரிஞ்சும் போலீசுக்குச் சொல்லாம மறைச்சதா பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவங்களும் கைதானாங்க.

அந்த ஆள் ஒரு கட்சியில பொறுப்புல இருந்தவர். அன்னிக்கு எல்லா ஐடி விங்கும் என்ன செஞ்சுது? அந்தக் கட்சியைத் திட்டி கார்டு போட்டுச்சு. நாங்களும் போட்டோம். லைக் வந்துச்சு. ஆனா 'நம்ம டியூஷனுக்கு வர்ற ஆளை நாம விசாரிச்சோமா?'ன்னு எங்க குரூப்ல ஒருத்தர்கூட கேக்கல. அந்த உறுத்தல்லதான் இதை எழுதுறோம்.

சட்டம் என்ன சொல்லுது? பிள்ளைங்க தங்குற காப்பகம்னா இளைஞர் நீதிச் சட்டம் 2015 படி கட்டாயம் பதிவு செய்யணும், இல்லன்னா நடத்துறவங்களுக்கு ஓராண்டு வரை சிறை இருக்கு. நம்ம டியூஷன் தங்குற இடம் இல்ல, அதனால அந்தப் பதிவு தேவையில்ல. அதாவது, யாரும் வந்து பார்க்கப் போறதும் இல்ல. 2020ல வந்த போக்சோ விதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகுற எல்லா நிறுவனமும் தன் பணியாளர்களுக்கு போலீஸ் சரிபார்ப்பு செய்யணும்னு சொல்லுது. அதுல இருக்கிற வார்த்தை 'பணியாளர்'. நம்மகிட்ட சம்பளம் வாங்குற பணியாளர் யாரும் கிடையாது, எல்லாரும் தன்னார்வலர். இந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு நமக்குப் பொருந்தாதுன்னு சொல்லி நாம தப்பிச்சுக்கலாம். தப்பிக்கக் கூடாதுங்கிறதுதான் எங்க நிலைப்பாடு. இங்கிலாந்துல குழந்தைங்களோட வேலை செய்ய வர்ற தன்னார்வலருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு, அதுக்குக் கட்டணம்கூட வாங்குறதில்ல. நம்ம ஊர்ல தமிழ்நாடு காவல்துறையோட இணையதளத்துலயே விண்ணப்பிக்கலாம், கொஞ்சம் பணம் ஆகும். அதைக் கட்சி கட்டட்டும். ஒரு பிளெக்ஸ் பேனரைக் குறைச்சாப் போதும்.

போலீஸ் சரிபார்ப்பு மட்டும் போதாது. இதுவரைக்கும் மாட்டாதவன் மேல வழக்கு எப்படி இருக்கும்? அதனால வகுப்புல எப்பவும் ரெண்டு பெரியவங்க இருக்கணும். ஒருத்தர் வரலைன்னா அன்னிக்கு வகுப்பு லீவு, 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' கிடையாது. அமெரிக்க சாரணர் இயக்கத்துல ரொம்ப நாளாவே இந்த ரெண்டு பேர் விதி உண்டு. ஆனா பழைய பாவம் விடல. 2020ல அந்த அமைப்பு திவால் மனு போட்டப்போ சிறுவயசுல பாதிக்கப்பட்டதா 80,000 பேருக்கு மேல வந்து நின்னாங்க. நூறு வருஷத்துக்கு மேல நல்ல பேர் எடுத்த இயக்கம் அது. நம்ம டியூஷனுக்கு வயசு ரெண்டு மூணு வருஷம்தான், இப்பவே சரிபண்றது சுலபம். கதவு திறந்திருக்கணும். 'இருட்டிடுச்சு, வீட்டுல விட்டுட்டு வர்றேன்'னு ஒரு பிள்ளையைத் தனியா பைக்குல ஏத்தக் கூடாது. பிள்ளைக்குத் தனியா வாட்ஸ்அப்ல மெசேஜ் அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கிற குரூப்ல போடுங்க.

இதைச் சொன்னதும் ஒரு மூத்த நிர்வாகி கேட்டார்: "தம்பி, ராப்பகலா உழைக்கிற நம்ம பசங்களையே சந்தேகப்படுறியா?" அண்ணா, கரண்ட் கம்பத்துல ஏறுறவர் ஃபியூஸ் கேரியரைப் புடுங்கிட்டு ஏறுறது கீழ நிக்கிறவர் மேல சந்தேகத்துல இல்ல. எஞ்சினியரிங்ல நாங்க படிச்சது மறந்திருக்கலாம், இது மறக்கல. நல்லவருக்கும் இந்த விதிதான் காவல். நாளைக்கு யாராவது வீண் பழி போட்டா பக்கத்துல இன்னொருத்தர் இருந்தார்னு சொல்ல ஆள் இருக்கும்ல?

இனி முக்கியமான இடம். ஒரு பிள்ளை வந்து ஏதாவது சொல்லிடுச்சுன்னா? நம்ம பழக்கம் நமக்கே தெரியும். கிளைச் செயலாளர்கிட்ட சொல்வோம், அவர் ஒன்றியத்துக்குச் சொல்வார், ஒன்றியம் மாவட்டத்துக்குப் போன் போடும், ரெண்டு தரப்பையும் உக்கார வச்சுப் பேசுவாங்க. கூடவே கூடாது. போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்ச யாரும் போலீசுக்குச் சொல்லியாகணும். சொல்லலைன்னா ஆறு மாசம் வரை சிறை. தனக்குக் கீழ இருக்கிறவர் செஞ்சதை அமைப்போட பொறுப்பாளர் மறைச்சா ஓராண்டு வரை. 'தலைவர்கிட்ட சொல்லிட்டேன், அவர் பார்த்துக்குவார்'ங்கிறது புகார் ஆகாது. விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கு. உதவிக்கு 1098க்கும் கூப்பிடலாம். அந்த நம்பரை பிள்ளைங்க கண்ணுக்கு எட்டுற உயரத்துல சுவத்துல எழுதி வைங்க, தலைவர் படத்துக்குப் பக்கத்துலயே எழுதினாலும் சரி.

கடைசியா எங்க தப்பு. தினமும் ராத்திரி 'இன்னிக்கு வகுப்பு போட்டோ எங்க தோழர்?'னு கேட்டு உயிரை எடுத்தது நாங்கதான். பிள்ளைங்க முகம், யூனிஃபார்ம், ஊர் பேர், வகுப்பு நேரம் எல்லாத்தையும் சேர்த்து ஊருக்கே காட்டியிருக்கோம். தப்பான நோக்கத்தோட பார்க்கிற ஒருத்தனுக்கு வேற விலாசமே தேவையில்ல. ஃபெஞ்சல் புயல் நேரத்துல மயிலம், மரக்காணம் பக்கம் நிவாரணம் கொடுத்தப்பவும் இதே கதைதான். பிஸ்கட் பாக்கெட்டோட அழுதுட்டு நின்ன குழந்தையை குளோசப்ல எடுத்துப் போட்டோம். அந்தப் படங்களை இந்தப் பக்கத்துல இருந்து எடுத்தாச்சு. இனி பிள்ளைங்க முகம் தெரியுற படம் இங்க வராது. போர்டு, புத்தகம், சொல்லிக்கொடுக்கிறவர் முதுகு, இது போதும்.

எங்க கையில இருந்ததை முடிச்சுட்டோம். மீதி ஒன்றியப் பொறுப்பாளர்கள் கையில இருக்கு. டியூஷன் எடுக்கிற தோழர்கள் வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஆதார் அட்டையோட கட்சி அலுவலகத்துக்கு வாங்க. சரிபார்ப்பு விண்ணப்பத்தை உக்காந்து நாங்களே போட்டுத் தர்றோம். முதல் விண்ணப்பம் எங்க ஐடி விங் ஆளுங்களோடது.

தகவல் தொழில்நுட்ப அணி,
விழுப்புரம் மாவட்டம்