இரு திரையும் ஒரு மனமும்

இரண்டு தோணியிற் கால் வைக்கலாகாது என்பது தீவார் அனைவரும் அறிந்த முதுமொழி. இரண்டு திரையிற் கண் வைக்கலாமா என்னும் வினா எம் முன்னோருக்கு எழுந்ததில்லை, எமக்கு எழுந்துவிட்டது.

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து அன்பர் ஒருவர் எமக்குக் கடிதம் விடுத்திருந்தார். அவர் அனலைதீவிற் பிறந்தவர், எம்மிடம் பயின்றவர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதியை எதிர்நோக்கியிருக்கும் தம் மருமகளுக்கு இரட்டைத் திரை மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுக்க விரும்புவதாகக் குறிப்பிட்டு, "இது வீண் செலவோ, விதை முதலோ என்பதைத் தாங்களே ஆராய்ந்து கூறவேண்டும், சேர்" என்று எழுதியிருந்தார். வெளிநாட்டிற் குளிரில் நின்று உழைத்த பணமல்லவா? எழுந்தமானமாக விடை கூற மனம் ஒப்பவில்லை.

இவ்வகைக் கணினி நேற்று முளைத்ததன்று. 2008 ஆம் ஆண்டின் இறுதியில் லெனோவோ நிறுவனம் 17 அங்குலத் திரையின் பின்னிருந்து சிறு திரையொன்று வெளியே இழுபடும் கணினியை அறிவித்தது. 2010 இல் ஏசர் நிறுவனம் விசைப்பலகையையே அகற்றிவிட்டு, 14 அங்குலத் தொடுதிரைகள் இரண்டைப் புத்தகம்போல் இணைத்தது. 2019 இல் மைக்ரோசொப்ட் அறிவித்த இரட்டைத் திரைக் கணினியோ கடைக்கு வராமலே நின்றுபோயிற்று. அதே ஆண்டில் ஏசுஸ் நிறுவனம் விசைப்பலகைக்கு மேலே அகன்ற இரண்டாந் திரையைப் பதித்தது. 2024 இல் இரண்டு 14 அங்குலத் திரைகளையும், கழற்றி எடுக்கத்தக்க விசைப்பலகையையும் கொண்ட கணினியை வெளியிட்டது. ஆகவே, இக்கருத்துப் பலமுறை விழுந்தும் எழுந்தும் வந்ததாகும்.

யாழ்ப்பாணத்தில் ஓவியத் தொழில் புரியும் நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த இத்தகைய கணினியை ஒரு வாரத்துக்கு இரவல் தந்தார். அதன் பெயரைக் கூறின் விளம்பரமாகிவிடுமாதலால் விடுப்போம். ஊர்காவற்றுறையில் மோட்டர்ப் படகேறியதும், உப்புத் துவானம் படாதிருக்கத் துவாயினாற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டோம். படகின் ஆட்டத்தில் அதனைத் திறந்து பார்க்க முயன்று கைவிட்டோம். விரித்து நிறுத்துவதற்கு அதற்கு மேசை வேண்டும். மடிக்கணினி என்பது பெயரளவிலேதான்.

அப்பிள்ளை தன் பாடசாலையின் பழைய மலரொன்றை மறுபதிப்புக்காகத் தட்டெழுதிக் கொண்டிருந்தாள். மங்கிய பக்கங்களின் படத்தைப் பார்த்துப் பார்த்து எழுதவேண்டிய வேலை அது. ஒற்றைத் திரையிற் படத்தையும் எழுத்தையும் மாறிமாறித் திறந்து, ஒரு மாலையில் ஆறு பக்கம் முடித்தாள். மேல்திரையிற் படமும் கீழ்த்திரையில் எழுத்துமாக வைத்தபோது ஒன்பது பக்கம் முடிந்தது. பிழைகளும் குறைந்தன, வரியைத் தேடிக் கண் அலையவில்லை.

இதிற் புதுமை யாதுமில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கியல்லவா பாடம் தெளிந்தார்? மூலம் ஒருபுறமும் எழுத்து மறுபுறமும் இருத்தல் புலமைத் தொழிலின் பழைய வழக்கம். ஒன்றைக் கண்டு மற்றொன்றைப் படைக்கும் எவருக்கும் இரண்டாந் திரை மெய்யான துணையாகும்.

ஓவியத்துக்கும் அது உதவிற்று. மேலே ஐயனார் கோயிலின் நிழற்படத்தை வைத்து, கீழ்த்திரையில் எழுதுகோலாற் கோபுரத்தை வரைந்தாள். கண்ணாடி மேலே தமிழ் தட்டெழுதுவதோ விரலுக்குச் சுகமாயில்லை. விசைப்பலகையை முன்னே வைத்தே எழுதவேண்டியிருந்தது.

குறைகளையும் மறைத்தல் தகாது. இரு திரைகளும் ஒளிர்ந்தால் மின்கலம் விரைவில் இறங்கும். இக்கணினிகள் பலவற்றில் உள்ள ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுவதால், வெண்மையான பக்கம் மிகுதியாகவும் கரிய பக்கம் மிகக் குறைவாகவும் மின்னை உண்ணும். ஆதலால், எழுத்துப் பக்கத்தைக் கருமையாக்கிச் சிக்கனம் செய்தோம். தீவிலே இது சிறு விடயமன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையிற் சேராதிருந்தமையினாலேயே, சூரிய ஒளி, காற்று, மின்கலச் சேமிப்பு, டீசல் ஆகியன கலந்த மின்திட்டமொன்றுக்கு இந்தியாவின் 110 இலட்சம் டொலர் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. மின்சாரத்தின் அருமை அறிந்த ஊர் இது.

மற்றக் குறை கருவியினுடையதன்று, எம்முடையது. நான்காம் நாள் விடைத்தாள் மதிப்பிடுவதற்கென அமர்ந்த நாம், கீழ்த்திரையிற் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை கண்டு சிரித்தாள். நாம் தலை குனிந்தோம். திரை இரண்டாயினும் மனம் ஒன்றே.

புகையிலைத் தோட்டத்தால் வந்த அவள் தந்தையார் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "மாஸ்ரர், கிணறு இரண்டெண்டாலும் இறைக்கிறவன் ஒருவன்தானே?" என்று வினவினார்.

"ஒரு கிணறு உவர்த்தால் மற்றது உதவுமே, அப்பா" என்றாள் மகள்.

அந்த விடையே எமக்கு வழிகாட்டிற்று. ஒன்று உவர்த்தால் மற்றது உதவவேண்டுமானால் கிணறுகள் தனித்தனியே இருக்கவேண்டுமல்லவா? இக்கணினியிலோ இரு திரைகளும் ஓருடலில் உள்ளன. ஒன்று பழுதுற்றால் இரண்டையும் சேர்த்தே படகேற்றி யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பவேண்டும். அதுவரை பிள்ளையின் வேலை நிற்கும்.

ஆகவே அன்பருக்கு நாம் எழுதிய முடிவு இதுவாகும்: அடிக்கடி இடம் மாறி, போகுமிடமெல்லாம் ஒப்புநோக்கியோ வரைந்தோ உழைத்து, அதனாற் பொருளீட்டுவோருக்கு இரட்டைத் திரைக் கணினி தகும். ஓவிய நண்பர் அத்தகையவர். மாணவிக்கோ, எழுதுகோலை ஏற்கும் தொடுதிரையுள்ள நல்ல மடிக்கணினி ஒன்றும், அதிலிருந்தே மின்பெறும் மெல்லிய தனித்திரை ஒன்றும் போதும். மேசையில் இரண்டும் சேரும்; பயணத்தில் ஒன்று வீட்டிலிருக்கும்; ஒன்று பழுதானால் மற்றது பிழைக்கும். மிஞ்சும் பணம் சாதாரணதரம் படிக்கும் தம்பிக்கு ஆகட்டும்.

முடிவைக் கேட்டபோது பிள்ளையின் முகம் சிறிது வாடியதை நாம் கண்டோம். வரைந்து முடியாத கோபுரத்தைப் பிரதி செய்து வைத்துக்கொண்டு, கணினியைத் தானே துவாயிற் சுற்றித் தந்தாள். "தனித்திரை வரும் வரைக்கும் மிச்சப் பக்கங்களை ஒற்றைத் திரையிலேயே எழுதுகிறேன், சேர், மலர் தைக்கு முன் அச்சுக்குப் போகவேண்டும்" என்றாள்.

மாணவ நேயர்களே, கருவியின் தகுதியை ஆராயப் புறப்பட்ட நாம், கருவிக்காகக் காத்திராத ஒரு பிள்ளையைக் கண்டு திரும்பினோம். அவளுக்கு எது வாங்கிக் கொடுத்தாலும் அது விதை முதலே.