சந்தியில் அணைந்துவிடும் பழைய கார்

வயது முதிர்ந்த மோட்டார் வண்டியொன்று சந்தியிலே நிற்கும்போது குலுங்கி, இருமி, ஈற்றில் அணைந்துவிடுமாயின், அதன் உரிமையாளருக்கு இரண்டு ஆலோசனைகள் கிடைப்பது வழக்கம். 'விற்றுவிடுங்கள், ஐயா' என்பது ஒன்று. 'ஐட்லிங்கைக் கொஞ்சம் கூட்டிவிடுவோம்' என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் தேவையற்றது. இரண்டாவதோ தீங்கு பயப்பது. காபரேற்றரின் பக்கத்திலுள்ள திருகாணியை அரைச் சுற்று முறுக்கினால் எஞ்சின் வேகமாகச் சுழலும், வண்டி நில்லாது. ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியை இட்டுவிட்டு, நோய் மாறிற்று என்று கூறுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இது வெறும் செலவுக் கணக்கு மட்டுமன்று. காவலற்ற புகையிரதக் கடவையிலே கிளச்சை மிதித்தவுடன் அணைந்துவிடும் வண்டியில் மனைவி மக்களை ஏற்றிச் செல்பவருக்கு அதன் பொருள் நன்கு விளங்கும். ஆகவே நோயின் மூலத்தைக் காணும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனரையே கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த இக்கார் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. 1956இல் இதற்கு 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 1962இல் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் பொருத்தப்பட்டன. எஸ்.யு. காபரேற்றர் ஒன்று, நான்கு பிளக்குகள், ஒரு கொயில், ஒரு டிஸ்ரிபியூட்டர் என்பனவே இதன் முக்கிய உறுப்புகள். இன்றைய வண்டிகளில் கணினி ஆற்றும் பணியை இங்கே நம் கண்ணும் காதுமே ஆற்றுதல் வேண்டும்.

வண்டி ஓடும்போது தெரியாத குறை, நிற்கும்போது மட்டும் ஏன் தெரிகின்றது? எஞ்சின் மெதுவாகச் சுழலுகையில் காற்று வழி ஏறக்குறைய மூடியே இருக்கும். அப்போது உட்செல்லும் பெற்றோலும் காற்றும் மிகச் சொற்பம். அந்நிலையில் ஒரு சிறு வெடிப்பின் வழியே திருட்டுக் காற்றுப் புகுந்தாலும் கலவை கெட்டுவிடும். வேகமாக ஓடுகையில் உட்செல்லும் கலவை அதிகமாதலால் அதே கசிவு பொருட்டாவதில்லை. ஆகவே, நிற்கையில் மட்டும் குலுங்கி, ஓடுகையில் சீராக இருக்கும் வண்டியிலே காற்றுக் கசிவையும் கலவையையும் முதலில் ஐயுறலாம். இரு நிலையிலும் தட்டுத் தடுமாறினால் பொறியையோ எரிபொருள் வரத்தையோ ஐயுறலாம். சூடேறிய பின்னர் மட்டுமே அணைந்தால் கொண்டென்சர், கொயில், வெப்பத்தால் காபரேற்றரில் பெற்றோல் கொதித்தல் ஆகியவற்றை நினைக்கலாம். ஸ்பானரைத் தொடுமுன் இவ்வளவையும் அறிந்துவிடலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மைனருக்கு நேர்ந்ததை இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். சந்திக்குச் சந்தி நின்ற அவ்வண்டிக்குக் கராஜ் ஒன்றிலே புதுப் பிளக்குகள் போட்டனர். பின்னர் கொயிலை மாற்றினர். ஈற்றில் காபரேற்றரையே மாற்றினர். ஒரு மாத ஓய்வூதியத்துக்கு மேல் செலவாகியும் நோய் மாறவில்லை. வேறொருவர் வந்து, காபரேற்றர் மனிபோல்டோடு சேரும் இடத்தில் எண்ணெய்க் குவளையால் சில துளி ஒயிலை விட்டார். எஞ்சினின் ஓசை உடனே மாறிற்று. இடையிலிருந்த காகிதக் காஸ்கெற் ஓரத்தில் கிழிந்திருந்தது. புதிய காபரேற்றரைப் பழைய காஸ்கெற்றின் மீதே பூட்டியிருந்தனர்! மாற்றிய உறுப்புகள் யாவும் நல்லவையே. மாற்றிய முறைதான் பிழை. சோதியாமல் மாற்றுவது ஊகம்; சோதித்தபின் மாற்றுவதே வைத்தியம்.

இனிச் சோதனைகளை வரிசையாகக் காண்போம். முதலாவது பொறி. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, மின்காப்புள்ள குறட்டினால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவும். எதைக் கழற்றும்போது ஓசை தாழ்கின்றதோ அந்தச் சிலிண்டர் வேலை செய்கின்றது. எதைக் கழற்றினும் மாற்றமில்லையோ அதுவே சோம்பேறி. (மின்னணுப் பொறிமுறை கொண்ட புதிய வண்டிகளில் இதனைச் செய்தலாகாது.) பின்னர்ப் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்க்கவும். இளம் பழுப்பு நலம். உலர்ந்த கரி பெற்றோல் மிகுதியையும், வெண்மை பெற்றோல் குறைவையும், ஒயில் ஈரம் எஞ்சினின் உட்தேய்வையும் காட்டும். பிளக் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு. டிஸ்ரிபியூட்டரிலுள்ள பொயின்ற் இடைவெளி ஆயிரத்தில் 15 பங்கு. மாரி காலத்தில் மட்டும் வரும் தொல்லையாயின், இரவிலே விளக்கை அணைத்துவிட்டு பொனற்றைத் திறந்து பாருங்கள். வெடித்த மூடியிலும் பழைய வயரிலும் நீலப் பொறி பாய்வது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது எரிபொருள். சாவியைத் திருப்பியதும் மின்பம்பு சில முறை 'டிக், டிக்' என ஒலித்து அடங்க வேண்டும். அடங்காது ஒலித்தால், பெற்றோல் வழியும் மிதவை வால்வையோ, காற்றை உறிஞ்சும் குழாயையோ தேடவும். அடுத்துக் காபரேற்றர். அதன் பிஸ்ரனை உயர்த்தி விட்டால் 'டக்' என்ற ஓசையோடு தடையின்றி விழ வேண்டும். எஞ்சின் சூடேறியபின், அடிப்பக்கத்துச் சிறு முளையினால் பிஸ்ரனை அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்களவு மாத்திரம் உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் மிகுதி. உடனே அணையப் பார்த்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் சற்றே கூடிப் பின் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. அடியிலுள்ள நட்டை மேலேற்றினால் கலவை மெலியும், கீழிறக்கினால் செறியும்.

மூன்றாவது காற்றுக் கசிவு. அதற்கு மேலே கூறிய ஒயில் துளிச் சோதனை போதும். பெற்றோலைத் தெளித்துச் சோதிப்பாரும் உளர்; சூடான சைலன்சர்க் குழாய்க்கு அருகே அது தீயை வரவேற்பதாகும். திறொட்டில் தண்டு தேய்ந்து ஆடுகின்றதா என்பதையும் விரலால் அசைத்துப் பார்க்கவும்.

நான்காவது வால்வு. குளிர்ந்த நிலையில் அதன் இடைவெளி ஆயிரத்தில் 12 பங்கு இருத்தல் வேண்டும். சைலன்சர் வாயருகே காகிதத் துண்டொன்றைப் பிடித்தால் அது சீராக வெளியே தள்ளப்பட வேண்டும். இடையிடையே உள்ளே இழுக்கப்படுமாயின் புகைபோக்கு வால்வு எரிந்திருத்தல் கூடும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. இப்பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு அவ்வீயம் ஒருவகைக் காப்பாக இருந்தமையால், நெடுந்தூரம் வேகமாக ஓடும் வண்டிகளில் வால்வு இடைவெளியை அடிக்கடி பார்த்தல் நன்று. இச்சோதனைகள் யாவற்றையும் திறந்த வெளியிலேயே செய்யுங்கள். மூடிய கொட்டிலில் எஞ்சினின் புகை உயிரைக் கவரும்.

இவ்வண்டிகளின் உறுதியைப் பற்றி ஐயுறுவோர் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை நினைவுகூர்வாராக. யாழ்ப்பாணத்திலே சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயிலேயே வண்டிகளை ஓட்டினர். பிளக்குகள் கரி பிடித்தன. எஞ்சின் ஒயில் நீர்த்தது. ஆயினும் வண்டிகள் ஓடின. அத்துணை இடர் தாங்கிய எஞ்சின் இன்று நல்ல பெற்றோலிலே அணைகின்றதெனில், அதற்குத் தக்க காரணம் ஒன்று உண்டு; அதனைத் தேடிக் காணலாம்.

தேடுவோர் இரண்டு விதிகளைக் கைக்கொள்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மாற்றியதையும் விளைவையும் சிறு கொப்பியில் குறித்து வைக்குக. கராஜுக்குச் செல்லும்போது அக்கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். 'எப்போது அணைகின்றது, சூட்டிலா குளிரிலா, எந்தச் சிலிண்டர்' என்று விவரம் கூறும் உரிமையாளரிடம், நல்ல மெக்கானிக் தேவையற்ற பொருளை விற்கமாட்டார். ஐட்லிங் திருகாணியையும் தொடலாம். மற்ற யாவும் சரியானபின், கடைசியாக.