லிப்ஸ்டிக் உருகினால் வெயிலை மட்டும் பேசாதேங்கோ

வீட்டில் லிப்ஸ்டிக் செய்து விற்கிற பெண்கள் எங்கட ஊர்களில் இருக்கினம். 2022இல் டொலர் இல்லாமல் போய், அழகுசாதன இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்த நேரத்திலிருந்து இந்தச் சின்னத் தொழிலை நான் ஆர்வத்தோட பார்த்து வாறன். படங்களுக்குக் கீழே திரும்பத் திரும்ப வருகிற வசனம் ஒன்று இருக்கு: ‘கெமிக்கல் இல்லை, நூறு வீதம் இயற்கை.’ என்னைக் கேட்டால், அவர்களின்ட லிப்ஸ்டிக்கைக் கெடுக்கிறதே இந்த வசனம்தான்.

வழமையான செய்முறையை எடுப்பம். தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, நிறத்துக்கு பீட்ரூட். சில பேர் கொஞ்சம் கற்றாழையும் சேர்ப்பினம். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அது போத்தலுக்குள் கட்டியாக இருக்கிறதைக் காண்பதே அருமை. தேன்மெழுகு உருக 62 பாகைக்கு மேல வேணும். அப்படியெண்டால் 40 பாகையில் லிப்ஸ்டிக் ஏன் நெளிஞ்சு போகுது? மெழுகு இன்னும் உருகவே இல்லையே?

லிப்ஸ்டிக்கை ஒரு நிறப் மெழுகுதிரி மாதிரி நினைக்கிறதாலதான் இந்தக் குழப்பம். உண்மையில் அதில் பெரும்பங்கு எண்ணெய். சூடாக ஊற்றின கலவை ஆறும்போது, மெழுகு மெல்லிய தகடு தகடாகப் படிகமாகி, ஒன்றில் ஒன்று சாய்ந்து ஒரு வலையைக் கட்டுது. எண்ணெய் அந்த வலைக்குள் மாட்டுப்பட்டு நிற்குது. நோன்பு காலத்தில் கடற்பாசி காய்ச்சின ஆட்களுக்கு இது சட்டென்று விளங்கும்: பாத்திரத்தில் இருக்கிறது கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணிதான், ஆனால் வெட்டி எடுக்கலாம். லிப்ஸ்டிக்கும் அப்படியொரு ஜெல்தான். தண்ணிக்குப் பதிலா எண்ணெய், கடற்பாசிக்குப் பதிலா மெழுகு.

மெழுகு ஒரே பொருளும் இல்லை, பல பொருட்களின் கலவை. அதில் ஒரு பகுதி முந்தியே இளகும். வலை தளரும். எண்ணெய் வெளியே வந்து மேற்பரப்பில் துளித் துளியாக நிற்கும். தொழில் தெரிந்தவர்கள் இதை லிப்ஸ்டிக் வேர்க்கிறது எண்டுதான் சொல்லுவினம். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வந்தால் இன்னும் மோசம்.

இதுக்கு எல்லாரும் செய்கிற வைத்தியம் மெழுகைக் கூட்டுறது. கூட்டினால் குச்சி நிமிர்ந்து நிற்கும், உண்மைதான். ஆனால் உதட்டில் இழுபடும், நிறம் ஒட்டாது, பூசினால் மங்கலாக இருக்கும். வாங்கின பிள்ளை ஒருக்காப் பூசிப்போட்டு மேசை லாச்சிக்குள் போட்டுவிடும். அடுத்த முறை கடையில் கம்பனிச் சரக்குத்தான் வாங்கும். வீட்டில் செய்த அக்காவுக்குக் காசும் நட்டம், பேரும் நட்டம்.

மெழுகைக் குறைத்து, எண்ணெயைப் பிடித்து வைக்க வேறு ஜெல்லாக்கிகளைத் துணைக்குச் சேர்க்கிறதுதான் வழி. பேர்கள்தான் பயங்கரம். 12-ஹைட்ரொக்சிஸ்டியரிக் அமிலம் எண்டு ஒன்று இருக்கு. கேட்டால் ஆய்வுகூடத்தில் புகை கிளம்புகிற மாதிரி இருக்கும். அது ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கிற சாமான். எங்கட அம்மம்மாமார் பேதிக்குக் குடிக்கத் தந்த அதே ஆமணக்கெண்ணெய். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சேர்த்தாலே பல தாவர எண்ணெய்களை அசையாமல் நிறுத்திவிடும், மெழுகு மாதிரித் தகடாக இல்லாமல் நுண்ணிய நார்களாகப் பின்னி. டெக்ஸ்ட்ரின் பால்மிட்டேட் இன்னொன்று. மாப்பொருளிலிருந்து வருகிற டெக்ஸ்ட்ரினோடு ஒரு கொழுப்பமிலத்தைச் சேர்த்தது. எண்ணெயை வழுவழுப்பான, கண்ணாடி மாதிரியான ஜெல்லாக்கும், அதனால் லிப் குளோஸுக்கும் நல்லது. புகைச் சிலிக்கா எண்ணெயைத் தடிப்பாக்கும். அதோட சூடான கலவையில் நிறப்பொடி அடியில் போய் உட்காராமலும் தாங்கும். இரும்பு ஒக்சைட்டு நிறங்கள் எண்ணெயைவிடப் பல மடங்கு பாரம், ஊற்றி முடிக்கிறதுக்குள் கீழே இறங்கிவிடும் எண்டது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: சிலிக்கா காற்றில் பறக்கிற தூள், மூக்கு வாயைக் கட்டாமல் அதைக் கையாளக்கூடாது. அளவு மிஞ்சினால் உதடும் வறண்டுபோகும்.

எல்லா ஜெல்லாக்கியும் குசினிக்குச் சரிவராது எண்டதையும் சொல்லவேணும். எத்தில் செலுலோசைக் கரைக்க எண்ணெயை 140 பாகை மட்டும் சூடாக்க வேண்டி வரும். அதை விட்டுவிடுங்கோ.

கடற்பாசி, ஜெலற்றின், கற்றாழை எல்லாம் ‘இயற்கை’தானே, அதைப் போடலாமே எண்டு கேட்கிறவர்கள் உண்டு. இவை பிடிக்கிறது தண்ணியை. எண்ணெயும் மெழுகும் மட்டும் உள்ள குச்சிக்குள் அவைக்கு வேலையே இல்லை. கற்றாழைச் சாற்றோடு போகிற தண்ணி பிரிஞ்சு நிற்கும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். பீட்ரூட்டின் நிறமும் தண்ணியில் கரைவதுதான், எண்ணெயில் கரையாது. பொடியாகப் போட்டால் உதட்டில் மணல் மாதிரி நறநறக்கும். இயற்கை எண்டு பேர் வைத்ததால் ஒரு பொருளுக்குத் தெரியாத வேலை தெரிஞ்சுவிடாது.

சனத்தின்ட பயத்தையும் நான் பகிடி பண்ணவில்லை. வெள்ளையாக்கிற கிறீம்களில் பாதரசம் அகப்பட்ட கதைகளைக் கேட்டவர்கள் பயப்படத்தான் செய்வினம். ஆனால் யோசித்துப் பாருங்கோ: அந்தப் பாதரசம் லேபிளில் எழுதியா வந்தது? டெக்ஸ்ட்ரின் பால்மிட்டேட் எண்டு எழுதியிருந்தால் போனில் தேடிப் பார்க்கலாம், தெரிஞ்சவர்களிடம் கேட்கலாம். ‘கெமிக்கல் இல்லை’ எண்டு மட்டும் எழுதின டப்பாவில் என்னத்தைத் தேடுறது? நீளமான பேருக்குப் பயந்து, பேரே இல்லாத சாமானை நம்புகிறோம். விற்கிறவர்களும் அந்தப் பயத்திலேயே வியாபாரம் செய்யினம். தேன்மெழுகும் ஒரு கெமிக்கல்தான் எண்டு சொல்ல ஒருத்தருக்கும் துணிவு வருகுதில்லை.

இந்தப் பொருட்களை ஐம்பது கிராம், நூறு கிராம் எண்டு வாங்குறது கஷ்டம் எண்டது உண்மையான தடை. பெரிய கம்பனிகளுக்கு மூட்டையாக விற்கிற சாமான்கள் இவை. ஒரு ஊரில் நாலைந்து பேர் தனித்தனியே ஒரே வியாபாரத்தைச் செய்துகொண்டு, தங்கட ரெசிப்பியை மற்றவர்கள் களவெடுத்துவிடுவினம் எண்டு ஒளிச்சு வைத்திருக்கிறதில் என்ன லாபம்? சேர்ந்து ஒரு பை எடுத்துப் பங்கு போடலாம். தராசும் வெப்பமானியும் ஒன்று இருந்தால் நாலு பேருக்கும் போதும்.

விற்க முதல் ஒரு சோதனையும் வையுங்கோ. மூன்று குச்சியை ஒரு டப்பாவில் போட்டு, பகலில் தகரக் கூரைக்குக் கீழேயும் இரவில் பிரிட்ஜிலுமாக ஒரு கிழமை மாற்றி மாற்றி வையுங்கோ. ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து, மேல எண்ணெய்த் துளி நிற்குதோ எண்டு பாருங்கோ. நின்றால் அந்த அளவுகளை விற்கவேண்டாம்.