பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எந்த நாய்?

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். "நாய்க்குட்டி வளர்க்கலாம், அப்பா!" என்று பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். அப்பாவும் சம்மதிக்கிறார். "நல்ல ஜாதி நாயாக வாங்குவோம்" என்கிறார்.

இங்கேதான் தவறு தொடங்குகிறது. பார்க்க வேண்டியது ஜாதி அல்ல, குணம்!

வெயில் தாங்குமா?

சைபீரியன் ஹஸ்கி, பனியில் வண்டி இழுக்கும் நாய். உடம்பெல்லாம் அடர்ந்த மயிர். திருத்தணி வெயிலை அது எப்படித் தாங்கும்? ராஜபாளையம் நம் ஊர் நாய்தான். ஆனால் அது வேட்டை நாய். ஓடுவதற்கு நிறைய இடம் வேண்டும். சின்ன வீட்டில் கட்டிப்போட்டால் எரிச்சல் வரும். எரிச்சல் வந்த நாய் கடிக்கும்.

பணம் கொடுத்து வாங்கிவிட்டு, வளர்க்க முடியாமல் தெருவில் விடுகிறவர்களும் உண்டு.

தெருநாய் போதும்

ஆதரவு இல்லாமல் திரியும் நாட்டு நாய்க்குட்டியே போதும் என்பது என் கருத்து. நம் வெயில் அதற்குப் பழக்கம்.

"தெருநாயா?" என்று முகம் சுளிக்காதீர்கள். ஸ்ட்ரெல்கா என்பது மாஸ்கோவில் திரிந்த தெருநாய். அது 1960-ல் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பியது. அது போட்ட குட்டி ஒன்றை, 1961-ல் ரஷியத் தலைவர் குருஷேவ் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி வீட்டுக்குப் பரிசாக அனுப்பினார். அந்த வீட்டிலும் இரண்டு சிறு குழந்தைகள் இருந்தார்கள்!

எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். சீறுகிற குட்டி வேண்டாம். ஆளைக் கண்டு பயந்து ஒளிகிற குட்டியும் வேண்டாம். கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வருகிற குட்டியை எடுங்கள். இரண்டு மாதம் ஆகும்வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

மூன்றாவது மாதம் கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பு ஊசி போடுங்கள். பிறகு அவர் சொல்கிறபடி தவறாமல் போட வேண்டும்.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

தின்னும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக்கூடாது. விளையாட்டாகக் கடித்தாலும், பல் கீறினாலும் மறைக்கக்கூடாது. உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் வந்துவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. உடனே ஊசி போட்டால் வராமல் தடுக்கலாம்.

கைக்குழந்தையை எந்த நாயோடும் தனியே விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நாய் பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். இன்று ஒன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை, பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை கூடவே இருக்கும். அதுவரை சோறு போட முடியுமா? யோசித்து, முடியும் என்றால் மட்டும் குட்டியைத் தூக்குங்கள்.