சேமிப்புப் பெட்டியின் கதவு

வீட்டுக் கணினிகள் யாவற்றுக்கும் பொதுவாக வைக்கப்படும் 'நாஸ்' என்னும் சேமிப்புப் பெட்டியிலே கலியாணப் படங்களும் பிள்ளைகளின் பாடக்குறிப்புகளும் ஒருங்கே கிடக்கின்றன. அதன் நிர்வாகப் பக்கம் ஒருநாள் திறக்க மறுத்தால் நாம் கலங்கிவிடுகின்றோம். பிணங்குவது பெரும்பாலும் கதவுதான். உள்ளிருக்கும் பொருள் அன்று.

முதலில் விலாசத்தைப் பார்த்தல் வேண்டும். மின்சாரம் நின்று வந்தபின் ரவுட்டர் பெட்டிக்குப் புதிய எண்ணை வழங்கியிருக்கக்கூடும். நாமோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருப்போம். புதிய எண் ரவுட்டரின் பட்டியலிற் காணப்படும். சினொலொஜிப் பெட்டியாயின், மாற்றியமைத்திராவிடத்து, அதன்பின் முக்காற்புள்ளியிட்டு 5000 என்று சேர்க்க வேண்டும். கியூநாப் பெட்டிக்கு 8080.

கடவுச்சொல்லை மறந்தவர்க்கும் வழியுண்டு. சினொலொஜிப் பெட்டியிலே சிறு துவாரத்தினுள் 'ரீசெட்' பொத்தான் இருக்கும். பெட்டி இயங்குகையில் அதனைக் கம்பிமுனையால் ஏறக்குறைய 4 வினாடி அழுத்தி, 'பீப்' ஒலி ஒருமுறை கேட்டதும் கையை எடுத்துவிடுக. பின்னர் 'அட்மின்' என்ற பெயரோடு, கடவுச்சொல்லின்றியே உட்புகுந்து புதிய சொல்லை அமைக்கலாம். வலையமைப்பு ஒழுங்குகளும் தொடக்க நிலைக்குத் திரும்பும், கோப்புகள் அழியா. ஒலி கேட்ட 10 வினாடிக்குள் மீண்டும் அழுத்தினாலோ, இயங்குதளத்தையே மறுபடி நிறுவும் வேலை வந்து சேரும்.

நாம் அஞ்சவேண்டியது வேறொன்று. பொறுமையிழந்து வட்டுக்களைக் கழற்றி விண்டோஸ் கணினியிற் பூட்டுவோர் உளர். அக்கணினிக்கு அவற்றின் அமைப்பு விளங்காது. ஆதலால், 'போர்மட் செய்யவா?' என்று மிக மரியாதையாகக் கேட்கும். அதற்கு மட்டும் 'ஆம்' என்று அழுத்திவிடலாகாது.