பால் வற்றிய மரத்தில் ஒரு கரண்டி

இரண்டு மாதத்துக்கு முன் பத்து நாள் காலை நிகழ்ச்சியில் என் குரல் இல்லை. "எங்கம்மா போயிட்டீங்க, லீவா?" என்று நிறைய பேர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். "ஏதாவது விசேஷமா?" என்று கேட்ட அக்காமார்களும் உண்டு. இரண்டும் இல்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

என் குரல் நாண்களில் சின்னதாக இரண்டு முடிச்சு. காலையில் நான்கு மணி நேரம் நிகழ்ச்சி, சனி ஞாயிறில் கல்யாண மேடை என்று பத்து வருடமாகத் தொண்டையைப் பற்றி யோசிக்காமல் பேசியதற்குக் கிடைத்த பரிசு. "பத்து நாள் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசுறதும் கூடாது, அதுவும் கெடுதல்தான்" என்றார் டாக்டர். பிறகு சரியாகிவிடுமா என்று தாளில் எழுதிக் காட்டினேன். "பார்ப்போம்" என்றார்.

வானொலியில் வேலை செய்கிறவளுக்கு அந்த 'பார்ப்போம்' எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் பேசுவது. வீட்டுக் கடன், கார் கடன் எல்லாம் இந்தக் குரலை நம்பித்தான் ஓடுகின்றன.

முதல் இரண்டு நாள் தொலைபேசியைப் பார்த்தே கண் வலித்தது. மூன்றாம் நாள் காலையில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு மாமா காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு மரக்கட்டையை இறக்கினார். அவர் மூவாரில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்துவிட்டு, இப்போது கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறார். கோலசிலாங்கூர் பக்கம் அவருடைய தம்பிக்குச் சின்ன ரப்பர் தோட்டம். மறுநடவுக்காகப் பழைய மரங்களை வெட்டியிருக்கிறார்கள்.

கட்டையைப் பார்த்ததும் எங்கள் பாட்டி எழுந்து வந்துவிட்டார். அவருக்கு வயது 84. பதினான்கு வயதில் பால்வெட்டுக்குப் போனவர். கட்டையைத் தொட்டுப் பார்த்து, "இருபத்தஞ்சு முப்பது வருஷம் பால் குடுக்கும். அப்புறம் வத்திடும். வத்துனா வெட்டி அடுப்புல வைக்க வேண்டியதுதான்" என்றார்.

அவர் மரத்தைத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

"அதெல்லாம் அந்தக் காலம்மா. நான் முப்பது வருஷம் சோறு தின்னது இந்தக் கட்டையிலதான்" என்றார் மாமா.

அவர் சொன்னது சரிதான். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அதற்குப் பிறகு நம் தாத்தா பாட்டிமார்களின் கதை முழுக்க அந்த மரத்தின் பாலோடு ஓடியது. ஆனால் மரத்தின் கட்டையை வெகுகாலம் யாரும் மதிக்கவில்லை. விறகு, புகைக்கூடம், இல்லாவிட்டால் தோட்டத்திலேயே எரிப்பு. 1980களுக்குப் பிறகுதான் அது மேசை, நாற்காலி, கட்டில் என்று மாறி வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறியது. பால் நின்ற பிறகு மரத்துக்கு இரண்டாவது வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா அந்தக் கட்டையில் கரண்டி செய்வார். "சும்மா உக்காந்திருக்கியே, வா" என்று கூப்பிட்டார். எனக்குப் பேச முடியாது, அவருக்கோ பேசப் பிடிக்காது. நல்ல ஜோடி.

அவரிடம் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். பெரிய பட்டறை வேண்டாம். ஐந்தடி வாசலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போதும்.

முதலில் மரம். காய்ந்த பலகையைக் கையால் செதுக்குவது கல்லைச் சுரண்டுவது மாதிரி. கரண்டிக்கு ஈரமான பச்சை மரம்தான் வசதி, கத்தி வழுக்கிக்கொண்டு போகும். மா, பலா, கொய்யா, ரம்புத்தான் எல்லாமே ஆகும். ரப்பர் கட்டையில் மாவுச்சத்து அதிகம். அதனால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலமும் கறுப்புமாக மாறும், வண்டும் துளைக்கும். உடனே செதுக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக்கில் சுற்றி உறைபெட்டியில் வைக்கலாம். எங்கள் வீட்டில் மீனுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் ரப்பர் கட்டை இருந்தது. என் கணவர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

சில மரங்களைத் தொடவே வேண்டாம். அரளி முழுக்க விஷம். நம் நாட்டு ரெங்காஸ் மரத்தின் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். அது மாமரத்தின் சொந்தக்காரன்தான். அதனால் மாமரத்துப் பாலே சிலருக்கு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் மிஞ்சும் ரப்பர் பலகைத் துண்டுகள் இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். பூச்சி துளைக்காமல் இருக்க அவற்றில் போரான் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். "நாற்காலிக்குச் சரி, வாய்க்குச் சரி இல்ல" என்பது மாமாவின் கணக்கு.

கை தடிமனுள்ள கட்டையை ஒரு முழம் நீளத்துக்கு அறுத்து, பாராங்கத்தியைத் தலையில் வைத்துச் சுத்தியலால் தட்டினால் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். ரம்பத்தால் நீளவாக்கில் அறுப்பதைவிடப் பிளப்பது நல்லது. மரம் தன் நாரின் போக்கிலேயே பிளக்கும், கரண்டியின் காம்பு சுலபத்தில் ஒடியாது. கட்டையின் நட்டநடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியைச் சீவி எறிந்துவிட வேண்டும். அது இருந்தால் காயும்போது வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

பிறகு பென்சிலால் கரண்டியை வரைந்து, கைக்கோடரியால் சுற்றிலும் சீவி, கத்தியை எடுக்கலாம். இதில் ஒரே ஒரு சட்டம்தான்: மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சீவு. பள்ளத்திலிருந்து மேட்டுக்குச் சீவினால் கத்தி நாருக்குள் புகுந்து மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். நான் முதல் நாளில் மூன்று தடவை பிய்த்தேன். ஒவ்வொரு தடவையும் மாமா ஒன்றும் சொல்லாமல் கட்டையைத் தலைகீழாகத் திருப்பி என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் பாடம்.

குழியைத் தோண்ட வளைந்த கத்தி வேண்டும். சுவீடன்காரர்கள் கரண்டி செதுக்கப் பயன்படுத்தும் கருவி இது. அங்கே கைவேலையை 'ஸ்லாய்ட்' என்ற பெயரில் பள்ளியிலேயே பாடமாகக் கற்றுக் கொடுக்கிறார்கள். மோரா என்ற ஊர்ப் பெயரில் வரும் கத்திகள் இங்கே இணையக் கடைகளிலும் கிடைக்கின்றன. அது இல்லாவிட்டால் குழிவான உளி போதும். குழியை நாருக்குக் குறுக்கே தோண்டுங்கள். ஓரம் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும், குழியும் காம்பும் சேரும் கழுத்து இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கட்டும்.

கத்தி போகும் பாதையில் விரலோ தொடையோ இருக்கக் கூடாது. கரண்டியைப் பிடிக்கும் கைக்கு வெட்டுப்படாத கையுறை போடுங்கள். மழுங்கிய கத்திதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கும். நேற்று தூங்கவில்லையா, இன்று கத்தியைத் தொடாதீர்கள்.

செதுக்கிய கரண்டியை நாளிதழில் சுற்றி (இந்த நாளிதழ்தான், படித்த பிறகு!) காற்றாடியும் வெயிலும் படாத அலமாரியில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிக்கும். பிளாஸ்டிக்கில் கட்டி வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை வரும். காய்ந்ததும் உப்புத்தாள்: 120, 180, 240, 320 என்று போகப் போக மென்மையாக. தூசி மூக்குக்குள் போகாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கடைசித் தாளுக்கு முன் கரண்டியைத் தண்ணீரில் நனைத்துக் காயவிட்டால் மரத்தின் மயிர் எழுந்து நிற்கும். அதை இப்போதே தேய்த்துவிட்டால், பிறகு சாம்பாரில் விடும்போது சொரசொரப்பு ஏறாது.

இனி மெருகு. நான் பெரிய தப்பு செய்த இடம் இதுதான்.

'இயற்கை மெருகு' என்றதும் சமையலறையில் இருக்கும் எண்ணெய் எல்லாம் இயற்கைதானே என்று நினைத்தேன். மாமாவிடம் கேட்காமலேயே என் முதல் கரண்டிக்கு நல்லெண்ணெய் தடவி, பளபளவென்று அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். மூன்று வாரத்தில் அக்காவிடமிருந்து குரல் பதிவு வந்தது: "ஏய், உன் கரண்டி பிசுபிசுன்னு ஒட்டுது. பழைய எண்ணெய் வாடை வேற. இதுல என் பிள்ளைக்குக் கஞ்சி ஊத்தவா?"

எண்ணெய்களில் இரண்டு குணம் உண்டு. சில எண்ணெய்கள் காற்றோடு கலந்து கெட்டியாகி, மரத்துக்குள்ளேயே உறைந்துவிடும். ஆளிவிதை எண்ணெய், வால்நட் எண்ணெய், டங் எண்ணெய் ஆகிய மூன்றும் அந்த ரகம். (டங் மரமும் ரப்பரும் ஒரே தாவரக் குடும்பம் என்பது பாட்டிக்கே புதுச் செய்தி.) தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாம் அப்படி உறையாது. கழுவக் கழுவப் போகும், மிஞ்சியது நாளடைவில் சிக்குவாடை அடிக்கும். நல்லெண்ணெய் இரண்டும் கெட்டான், பாதி உறைந்து பிசுபிசுக்கும்.

கரண்டிக்கு நான் இப்போது ஆளிவிதை எண்ணெய்தான் பயன்படுத்துகிறேன். சாப்பிடுவதற்கென்று விற்கும், குளிர்முறையில் பிழிந்ததை வாங்குங்கள். இரும்புக்கடையில் 'காய்ச்சிய லின்சீட் எண்ணெய்' என்று விற்பதில் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது சட்டிக்குள் போகும் கரண்டிக்கு வேண்டாம். வால்நட் எண்ணெய் தடவினால், அந்த வீட்டில் கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். மறுநாள் இன்னொரு தடவை, அதற்கு அடுத்த நாள் மூன்றாம் தடவை. பிறகு மூன்று நான்கு வாரம் காற்றோட்டமான இடத்தில் சும்மா விடுங்கள். விரும்பினால் கடைசியில் தேன்மெழுகைக் கொஞ்சம் எண்ணெயோடு சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கிப் பூசலாம். கைக்கு நன்றாக இருக்கும். ஆனால் மெழுகு 60 டிகிரியைத் தாண்டினாலே உருகிவிடும், கொதிக்கும் குழம்பில் நிற்காது. அது பரிமாறும் கரண்டிக்குத்தான்.

முக்கியமான ஒன்று. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். எண்ணெய் உறையும்போது சூடு கிளம்பும். கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மறக்கவே கூடாது. துணியை விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

பயன்படுத்தும்போது கையால் கழுவி, உடனே துடைத்து, நிமிர்த்தி வையுங்கள். ஊறப்போடாதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் வெடித்துவிடும். நம் வீட்டுக் கரண்டியில் மஞ்சள் ஏறும், அதற்காக வருத்தப்பட வேண்டாம். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் மங்கிவிடும். மரம் வெளிறிப்போனால் மறுபடி கொஞ்சம் எண்ணெய்.

பத்து நாள் முடிந்து டாக்டரிடம் போனேன். முடிச்சு சுருங்கியிருக்கிறது, போகவில்லை. குரல் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை போகிறேன். கல்யாண மேடைகளை விட்டுவிட்டேன். காலை நிகழ்ச்சியில் இப்போது பாட்டு கூடியிருக்கிறது, நான் பேசுவது குறைந்திருக்கிறது. உங்களில் சிலர் அதைக் கவனித்து எழுதியிருந்தீர்கள். அடுத்த வருடமும் இந்தக் குரல் இப்படியே இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இருக்கிறவரை பார்த்துச் செலவு செய்கிறேன்.

அக்காவுக்கு இரண்டாவது கரண்டி போய்விட்டது, இன்னும் புகார் வரவில்லை. மூன்றாவது எங்கள் வீட்டில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பாட்டி அதை வைத்துத்தான் பாயாசம் கிண்டினார். கிண்டி முடித்துக் கழுவி, காம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "நாப்பது வருஷம் இந்த மரத்துகிட்ட நின்னேன். ஒரு கரண்டி செஞ்சுக்கணும்னு தோணலையே" என்றார். பிறகு, "எனக்குக் கொஞ்சம் சின்னதா ஒண்ணு செய். மருந்து கலக்க" என்றார்.

அதைத்தான் இப்போது செதுக்கிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தாமானில் மரக்கிளை வெட்டுகிறார்கள் என்றால், அது என்ன மரம் என்று விசாரித்து, கை தடிமனில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.